செங்கல்லுக்கு விட்டுக்கொடுக்கும் சாந்து

பழைய வீட்டு வேலை கற்க வருகிற பிள்ளைகள் கையில் நான் முதலில் கரண்டியைக் கொடுப்பதில்லை. சின்ன உளி ஒன்றையும் சுத்தியையும் கொடுத்து, மயிலாப்பூரில் அப்போது வேலை நடக்கிற வீட்டில் ஒரு சுவரோரம் உட்கார வைத்து, இரண்டு செங்கல்லுக்கு நடுவே இருக்கிற சாந்தைச் சுரண்டச் சொல்வேன். பழைய சுண்ணாம்புச் சாந்தாக இருந்தால் உளி பட்டதும் வெள்ளையாகத் தூள் கொட்டும். செங்கல்லின் ஓரம் சிதறாது. பிறகு கொஞ்சம் தள்ளி, பின்னாளில் யாரோ சிமெண்ட் வைத்து ஒட்டுப்போட்ட இடத்தில் அதே உளியை வைக்கச் சொல்வேன். அங்கே சாந்து அசையாது, செங்கல்லின் முகம்தான் பிளந்து கையில் வரும்.

சாந்து செங்கல்லைவிட இளப்பமாக இருக்க வேண்டும். இந்த வேலையில் எனக்குத் தெரிந்த மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான். சுவர் கொஞ்சம் இறங்கும், வெயிலில் விரியும், மழையில் ஓதம் குடிக்கும், கடற்காற்றில் உப்பு வாங்கும். இத்தனைக்கும் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். கெட்டது சாந்து என்றால் சுரண்டி எடுத்துவிட்டு வேறு சாந்து அடைக்கலாம், செலவும் குறைவு. கெட்டது செங்கல் என்றால், 100 வருஷத்துக்கு முந்தைய சூளைக்கு நாம் எங்கே போவது?

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்த பெரியவர் வாயால் சொல்லவே இல்லை. மாட வீதி வீடுகளிலும் லஸ் பக்கத்துப் பங்களாக்களிலும் மராமத்து பார்த்தே வாழ்ந்தவர். சித்தாள் கொண்டுவந்த சட்டியிலிருந்து சாந்தை விரலால் கிள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பார். பிடித்திருந்தால் கரண்டியை எடுப்பார், பிடிக்கவில்லையென்றால் சட்டியை அப்படியே திருப்பி அனுப்புவார். ஏன் என்று கேட்டால், "நீயே தேய்ச்சுப் பாரு தம்பி" என்பார். தேய்த்துப் பார்த்தால் நறநறவென்று இருக்கும், அல்லது சுண்ணாம்பு தனியாகவும் மணல் தனியாகவும் தெரியும். கேட்டுத் தெரிந்துகொண்டதைவிட விரலால் தெரிந்துகொண்டதே எனக்கு அதிகம்.

சுண்ணாம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சுண்ணாம்பு என்றால் வெள்ளையடிக்கிற பொடி மட்டும்தான். கட்டுவேலைக்கு இரண்டு சுண்ணாம்பு உண்டு. கல் சுண்ணாம்பு சுவர் கட்டவும் தளம் போடவும் ஆகும். கிளிஞ்சல் சுண்ணாம்பு மேல்பூச்சுக்கு. இந்தக் கடற்கரைக்குக் கிளிஞ்சல் பழவேற்காடு ஏரிப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. கல்லோ கிளிஞ்சலோ, சூளையில் 900 டிகிரி அளவுக்குச் சுடும்போது அதிலிருக்கிற கரியமில வாயு வெளியேறிவிடும். சுட்டதைத் தண்ணீரில் போட்டால் கொதித்துப் பொங்கும். கிட்டே போய்க் குனியாதீர்கள், கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். தண்ணீரில்தான் சுண்ணாம்பைக் கொட்ட வேண்டும், சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. நீற்றின பிறகு சலித்து, தொட்டியில் தண்ணீர் மூடி நிற்கும்படி விட்டுவிட வேண்டும். நாள் ஆக ஆக இழையும். நன்றாக ஆட்டிய உளுந்து மாவைப் போலக் கரண்டியில் ஒட்டிக்கொண்டு வழியாமல் நிற்கிற பதம் வந்ததும் மணலோடு சேர்க்கலாம். அவசரப்பட்டு எடுத்தால், சரியாக நீறாத கட்டி ஒன்றிரண்டு உள்ளேயே தங்கிவிடும். பூச்சு முடிந்து மாதங்கள் கழித்து அது ஈரம் வாங்கி உப்பி, சுவரில் அம்மைக் கொப்புளம் எழுப்பும். அந்த வீட்டுக்காரர் கொத்தனாரைத்தான் திட்டுவார், அதில் நியாயமும் உண்டு.

மணல் ஆற்று மணலாக இருக்க வேண்டும், பல அளவில் கலந்ததாக இருக்க வேண்டும். ஒரே சன்னமான மணல் பூச்சை வெடிக்க வைக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு முதல் மூன்று பங்கு மணல், சில இடத்தில் சுட்ட செங்கல்லை இடித்த சுர்க்கித் தூள். அதற்குமேல் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். வெல்லம் சாந்தை இளக்கிக் கைக்கு வாகாக்கும், கடுக்காய் பிடிப்புக் கொடுக்கும் என்பது எங்கள் வழக்கு. பானையில் ஊறி நுரைத்து ஒரு புளித்த வாடை வரும்வரை காத்திருப்போம். அந்தக் காலத்தில் வட்டக் காவாய் வெட்டி, கல் உருளையை மாடு இழுக்கச் சாந்து அரைப்பார்கள். இன்று மோட்டார் அரவை வந்துவிட்டது. அதில் குறை ஒன்றும் இல்லை, அரைபடுகிற நேரத்தைச் சுருக்காமல் இருந்தால் போதும்.

தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் சாந்தோம் பக்கமும் பல போர்வெல்களில் உப்புத் தண்ணீர்தான். அதை ஊற்றிச் சாந்து கலக்கினால், சுவரைக் கெடுக்கிற உப்பை நாமே உள்ளே வைத்துப் பூசுகிறோம். பெரியவர் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீரைக் கொஞ்சம் வாயில் விட்டுத் துப்பிப் பார்ப்பார். நானும் அதைச் செய்கிறேன். உப்புக் கரித்தால் லாரித் தண்ணீர் வாங்கித் தரச் சொல்லி வீட்டுக்காரரிடம் மன்றாடுவேன், வாங்காவிட்டால் வேலையை ஒத்துக்கொள்வதில்லை.

கலந்து பூசிய சாந்து, சூளையில் இழந்த அந்த வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கித்தான் கல்லாக இறுகுகிறது. மேலே சீக்கிரம் இறுகும், உள்ளே போகப் போக மாதக்கணக்காகும். அதனால்தான் ஒரே தடவையில் கனமாகப் பூசக் கூடாது என்பது. ஒரு கோட் பூசி, ஈரம் காட்டி, இறுக விட்டு, பிறகு அடுத்தது. வெயில் நேராக அடிக்கிற சுவரில் நனைத்த சாக்கைத் தொங்கவிட வேண்டும். இந்த இடத்தில்தான் பிள்ளைகள் பொறுமை இழக்கிறார்கள். பக்கத்து மனையில் ஒரு மாதத்தில் ஒரு மாடி எழும்புகிறதே, நாம் இன்னும் ஒரே சுவருக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறோமே என்று கேட்பார்கள். கேட்கட்டும். அந்தச் சுவர் பூசுகிறவனின் பேரன் காலத்துக்கும் நிற்கப் போகிறது.

செங்கல்லைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு கலைதான். ஒன்றை எடுத்து இன்னொன்றால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டால் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. பழைய வீட்டுக்கு ஒட்டுப்போட இன்றைய அளவுச் செங்கல் பெரும்பாலும் பொருந்தாது. பழசு மெலிதாக இருக்கும், வரிசை மட்டம் சேராது. எனவே இடிபடுகிற வீடுகளைத் தேடிப் போகிறோம். தியாகராய நகரில், மாம்பலம் ஏரியை மூடி 1920களில் எழுந்த வீடுகள் அடுக்குமாடிக்காக ஒவ்வொன்றாகக் கீழே வரும்போது, அந்தச் செங்கல்லை வாங்கிவந்து அடுக்கி வைக்கிறோம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரைப் பிரித்தால் செங்கல் முழுசாகக் கழன்று வரும். கொத்திச் சுத்தம் செய்து மறுபடி வைக்கலாம். சிமெண்டில் கட்டியதை இடித்தால் ஜல்லிதான் மிஞ்சும். ஒரே செங்கல் இரண்டு வீட்டில் வாழ்வது சுண்ணாம்பின் தயவால்தான்.

அந்தச் செங்கல்லை வைக்குமுன் ஊறவைக்க வேண்டும். காய்ந்த செங்கல் சாந்திலிருக்கிற தண்ணீரை ஒரே உறிஞ்சாக உறிஞ்சிவிடும், பிறகு சாந்து வெறும் மண்தான். சுவரின் பின்னலையும் பார்த்து வைக்க வேண்டும். ஒரு வரி நீளவாக்கில், அடுத்த வரி குறுக்குவாக்கில் வருகிற இங்கிலீஷ் பாண்ட்தான் இங்கே பழைய வீட்டுச் சுவர்களில் நான் அதிகம் பார்த்தது. ஒன்றரைக் கல், இரண்டு கல் கனச் சுவரில் குறுக்குக்கல் உள்ளே வரை பிடித்திருக்கும். ஒட்டுப்போடுகிறவர் அதைக் கவனிக்காமல் முகத்துக்கு மட்டும் அரைக்கல்லை ஒட்டிவிட்டுப் போனால், சில வருஷத்தில் அது தனித்தோலாகப் பிரிந்து உப்பிக்கொண்டு நிற்கும். தட்டிப் பார்த்தால் டொப்பென்று கேட்கும். அந்தச் சத்தம் ஒருதடவை காதில் ஏறிவிட்டால் மறக்காது.

இடுக்கு அடைக்கிற வேலையைப் பலரும் சில்லறை வேலையாக நினைக்கிறார்கள். எனக்கு இதுதான் கைத்திறனைக் காட்டுகிற வேலை. இடுக்கின் அகலத்துக்கு இரண்டு மடங்காவது ஆழமாகச் சுரண்ட வேண்டும், அதுவும் உளியால். கிரைண்டர் வைத்தால் அரை மணியில் முடிந்துவிடும், செங்கல்லின் ஓரமும் அரை மணியில் போய்விடும். சுரண்டிய பிறகு தூசியை ஊதி, அடியிலிருந்து நனைத்து, இறுக்கமான சாந்தை மெல்லிய கரண்டியால் உள்ளே உள்ளே அழுத்த வேண்டும். முகத்தில் வழித்து மழமழப்பாக்கக் கூடாது. கட்டைவிரல் பதியாத அளவுக்கு இறுகினதும் முரட்டுப் பிரஷ்ஷால் குத்திவிட்டால் மேல்பால் உடைந்து, மணல் தெரிந்து, ஈரம் வெளியே போகிற வழி திறக்கும். சுவர் வாங்கிய தண்ணீர் இடுக்கு வழியாகத்தான் வெளியேறும். அந்த வழியைச் சிமெண்டால் அடைத்தால் அது செங்கல் வழியாக வெளியேறும், போகும்போது உப்பைச் செங்கல்லின் முகத்தில் விட்டுவிட்டுப் போகும். உப்பு காய்ந்து பூத்து, முகத்தைப் பொடிப்பொடியாகத் தள்ளும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் இதைக் கண்ணால் பார்த்தோம். அடையாற்றங்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்றது. முன்கட்டில் பழைய சுண்ணாம்புப் பூச்சு அப்படியே இருந்தது. பின்கட்டில் சில வருஷம் முன்னால் சிமெண்ட் பூசி, மேலே பளபளப்பான பெயிண்டும் அடித்திருந்தார்கள். கோடை முடிவதற்குள் முன்கட்டு காய்ந்துவிட்டது. பின்கட்டுச் சுவர் அடுத்த மழைக்காலம் வந்தும் கையை வைத்தால் சில்லென்று இருந்தது. வீட்டம்மா என்னிடம், "மேஸ்திரி, பின்னாடி வலுவா பூசினோம்னு நினைச்சோமே" என்றார். அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரைப் பல வாரம் காற்றாட விட்டு, உப்பைத் துணிப்பொதியில் நனைத்து நனைத்து உறிஞ்சி எடுத்து, அதன் பிறகே சுண்ணாம்பு பூசினோம்.

விரிசலைப் பார்த்ததும் அடைக்க ஓடாதீர்கள். அதன் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். ஒரு மழையும் ஒரு கோடையும் போகட்டும். கண்ணாடி உடையவில்லையென்றால் விரிசல் பழசு, அடைத்துவிடலாம். உடைந்தால் அஸ்திவாரத்தையோ, பக்கத்து மனையில் தோண்டுகிற பள்ளத்தையோ, மழைநீர்க் குழாயையோ போய்ப் பாருங்கள். கைப்பிடிச்சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்கக் கூடாது. இழுத்தால் வேர் நான்கு செங்கல்லைத் தூக்கிக்கொண்டு வரும். மேலே வெட்டி, அந்த இடத்து வரிசைகளைப் பிரித்து, வேரை முழுசாக எடுத்து, மறுபடி கட்ட வேண்டும். குறுக்குவழி இல்லை, ஒரு துண்டு வேர் மிச்சம் இருந்தாலும் திரும்ப வரும்.

தளம்தான் எனக்கு உயிர். மெட்ராஸ் டெரஸ் என்று ஊர்ப் பெயராலேயே அழைக்கப்படுகிற தளம் இது. சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம், அதன்மேல் நெருக்கமாகக் குறுக்குச் சட்டங்கள். சட்டங்களின்மேல் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, மூலையிலிருந்து கோணவாக்கில் வரிவரியாக ஒட்டிக்கொண்டே போக வேண்டும். கீழே சென்டரிங் கிடையாது. ஒரு செங்கல்லின் பக்கத்தில் சாந்தைத் தடவி, முன்னே வைத்ததோடு சேர்த்து அழுத்தி, கணநேரம் பிடித்து விட்டால் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் சாந்து சரியில்லை அல்லது கை சரியில்லை. பெரியவர் ஒரு கையால் செங்கல்லை எடுக்கும்போதே மறுகையில் கரண்டி சாந்தோடு தயாராக இருக்கும். செங்கல் சாந்தைச் சந்திக்கிற இடம் ஒவ்வொரு தடவையும் ஒன்றாகவே இருக்கும். அவர் ஓட்டிய வரியைக் கீழேயிருந்து பார்த்தால் நூல் பிடித்த கோடு தெரியும். நான் ஓட்டிய வரியைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான்: "வேகத்தை விடு, அழுத்தத்தைப் பாரு."

அது இறுகின பிறகு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து 4 அங்குலத்துக்குக் கொட்டி, அது 3 அங்குலமாக அமுங்கும்வரை அடிக்க வேண்டும். முதலில் திமிசுக்கட்டை, பிறகு கைக்கட்டை. பெண்கள் வரிசையாகக் குந்தி, கடுக்காய் வெல்லத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, ஒரே தாளத்தில் கட்டையால் தட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்து வருவார்கள். பாட்டு இல்லாமல் அந்த வேலை நடந்ததில்லை, ஏனென்றால் பாட்டு நின்றால் தாளம் குலையும், தாளம் குலைந்தால் ஓரிடம் அதிகமாகவும் ஓரிடம் குறைவாகவும் அடிபடும். கட்டை தெறித்து எழும்பி, தடம் பதியாமல் போகிற வரை நாட்கணக்கில் அடி தொடரும். பிறகு தட்டோடு இரண்டு மூன்று வரிசை, வாட்டம் பார்த்து. தண்ணீர் எந்தக் குழாய்க்குப் போக வேண்டும் என்பதைத் தட்டோடு பதிக்கும்போதே ஒரு குடம் ஊற்றிப் பார்த்துவிட வேண்டும். இந்த அடிக்கிற வேலை தெரிந்த பெண்கள் இன்று சென்னையில் மிகக் குறைவு. கொத்தனாரைப் பற்றியாவது யாரேனும் எழுதுகிறார்கள், அந்தப் பெண்களைப் பற்றி எழுதியதை நான் பார்த்ததில்லை. தளம் ஒழுகாமல் நின்றது அவர்கள் கையால்.

ஒழுகுகிற தளத்துக்கு இப்போது எல்லோரும் மேலே சிமெண்டைக் கொட்டி, வழவழப்பான ஓடு ஒட்டி, ரசாயனம் தடவுகிறார்கள். கீழே தேக்குச் சட்டம் மூச்சுமுட்டி, சுவருக்குள் செருகியிருக்கிற முனையில் அழுகத் தொடங்கும். வெளியே தெரியாது. உத்தரத்தின் முனையை ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் நிலைமை புரியும். மேலே பாரத்தைக் கூட்டாமல், பழைய ஜல்லியை எடுத்துவிட்டு அதே சுண்ணாம்பு ஜல்லியைப் போட்டு அடித்தால் போதும்.

மேல்பூச்சைப் பற்றிக் கொஞ்சமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதன் புகழ் ஊரறிந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பை மையாக அரைத்து, தயிரும் நெய்யும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, மெல்லிய கோட்டாகப் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்குவது. பூசிய பிறகும் சுவர் வியர்க்கும், அதைத் துணியால் நாள்தோறும் ஒற்றி எடுக்க வேண்டும். பார்வைக்கு அழகு. ஆனால் அடியில் இருக்கிற இரண்டு கோட்டும் நேர்மையாக இல்லாவிட்டால் இந்தப் பளிங்கு ஓர் ஆண்டுகூட நிற்காது.

சென்னையில்தான் 1904ல் இந்தியாவின் முதல் சிமெண்ட் ஆலை தொடங்கியது, அதுவும் கடல் கிளிஞ்சலைச் சுட்டு. அந்த முயற்சி நிலைக்கவில்லை. பின்னால் வந்த சிமெண்ட் நிலைத்தது, புது வீட்டுக்கு அது தேவைதான், அதன்மேல் எனக்குப் பகை கிடையாது. பழைய சுவரில் அதைக் கொண்டுபோய் வைப்பதுதான் வினை. இங்கிலாந்தில் அரசுப் பட்டியலில் ஏறிய பழைய செங்கல் வீடுகளிலும் இதே கதைதான். சிமெண்டால் இடுக்கு அடைத்து, செங்கல் முகம் உதிரக் கண்டு, அங்கேயும் சுண்ணாம்புக்கே திரும்பினார்கள். இங்கே கட்டடக் கலைஞர் சிசோம் 1870களில் கட்டிய சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸைச் சீரமைத்தபோதும், 2012 தீயில் வெந்த சேப்பாக்கம் அரண்மனைப் பகுதியைப் பொதுப்பணித்துறை மீட்டபோதும் சுண்ணாம்புச் சாந்து மறுபடி சாரத்தில் ஏறியது. அவையெல்லாம் பெரிய கட்டடங்கள், பெரிய படிப்பு படித்தவர்கள் மேற்பார்த்தவை.

சென்னையின் பாரம்பரியக் கட்டடங்கள் என்று நீதிபதி பத்மநாபன் குழு தந்த பட்டியலில் 467 கட்டடங்கள் இடம்பெற்றன. 2010ல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டிப் பாரம்பரியக் கட்டடக் குழுவும் வந்தது. பட்டியல் வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கே இடித்துவிடுவார்கள். ஆனால் பட்டியல் சாந்து கலக்காது. பட்டியலில் ஏறிய கட்டடத்திலும் ஒட்டுப்போட வந்தவர் சிமெண்ட் மூட்டையைப் பிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். பட்டியலில் இல்லாத மாட வீதி வீடுகளோ பல. திண்ணையும் முற்றமும் மச்சும் உள்ள அந்த வீடுகளில் இருப்பவர்கள் ஓய்வூதியக்காரர்கள். அவர்கள் கையில் இருக்கிற பணத்துக்குள் சரியாகச் செய்து கொடுக்கிற கொத்தனார்கள்தான் அந்த வீடுகளைக் காப்பாற்ற முடியும்.

ஆகவே வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். காரை பெயர்ந்து விழுகிறது என்றால் முதலில் மாடியில் மழைநீர் எங்கே தேங்குகிறது, எந்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று பாருங்கள். பூசுவது பிறகு. பூச வருகிறவரிடம் சிமெண்ட் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உள்ளே பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்காமல் சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள். கற்க விரும்புகிற தம்பிகளும் தங்கைகளும் தை பிறந்து மழை ஓய்ந்ததும் வாருங்கள், அப்போதுதான் தள வேலை தொடங்கும், ஐப்பசிக்குள் முடிக்க வேண்டும். கூலி மற்ற வேலையைவிடக் குறையாது. முதல் மாதம் சுரண்டுவதும் சலிப்பதும்தான், அதற்குச் சம்மதம் என்றால் சுண்ணாம்புத் தொட்டியோரம் உங்களுக்கு இடம் இருக்கிறது.